ஆண் பெயரில் படையில் பதிந்த பெண்கள்: கூடாரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாமலா போனது?

தேயிலைத்தடம் (ஹட்டன்), செவ்வாய் இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது டெபோரா சாம்ப்சன் என்ற பெண்ணைக் குறிப்பிட்டேன். அவர் 1782 இல் ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற ஆண் பெயரில் மாசசூசெட்ஸின் 4 ஆவது படைப்பிரிவில் சேர்ந்து, மறுஆண்டு அக்டோபர் வரை சிப்பாயாக இருந்தார். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் யாராவது தும்மினாலே இங்கே கேட்கும். ஒரே கூடாரத்தில் படுத்தவர்களுக்கு இவ்வளவு காலம் எப்படித் தெரியாமல் போனது?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பாடநூலில் ஒரு வரியாக வரும் இப்பெண்களை "வீர மங்கை" என்று புகழ்ந்துவிட்டு நாம் கடந்து போகிறோம். மார்பையும் குரலையும் மாத விலக்கையும் மறைத்துக்கொண்டு ஒருவர் எவ்வாறு ஆண்களுக்கு நடுவே உண்டு, உறங்கி, மலசலம் கழித்து, காயப்பட்டு வாழ முடிந்தது என்பதை யாராவது விளக்க முடியுமா? புகழ்ச்சி வேண்டாம், நடைமுறை வேண்டும்.

நிலாமுற்றம் (தலவாக்கலை), செவ்வாய் இரவு 10.15

டீச்சர், நான் தாதியாகப் பணிபுரிகிறவள். ஆகவே உடல் சார்ந்த பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன்.

இன்று படையில் சேர்பவரை ஆடை களைந்து சோதிப்பதால், அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். 18 ஆம் நூற்றாண்டில் ஆள் சேர்ப்பவருக்கு வேண்டியது தலைக்கணக்கு. நிற்கவும் நடக்கவும் முடிந்தால் போதும். 1861 இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் மருத்துவச் சோதனை விதியில் இருந்தும், நடைமுறையில் பல இடங்களில் அது பார்வையோடு முடிந்தது. தோட்டாவைச் சுற்றியிருக்கும் காகிதத்தைக் கடித்துக் கிழிப்பதற்கு எதிரெதிரே முன்பற்கள் உண்டா, விசையை இழுக்க விரல் உண்டா என்பதுதான் பெரிய கவலை. பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த காலம் அது. மீசை முளைக்காத முகமும் உடையாத குரலும் வரிசைக்கு வரிசை இருந்தன. அவற்றுள் ஒன்று பெண்ணுடையது என்று சந்தேகிக்க யாருக்கும் காரணம் இல்லை. சாம்ப்சன் 5 அடி 7 அங்குலம் உயரம் என்று சொல்கிறார்கள். அக்காலச் சராசரி ஆணுக்கு அது குறைவான உயரம் அல்ல.

உடுப்பு தளர்வானது. போர்க்களத்தில் உடுத்ததோடே உறங்கினார்கள், குளிப்பது அரிது. காட்டோரம் ஒதுங்குவதற்குத் தனியாகப் போனால் கூச்சம் உள்ள பையன் என்று கேலி செய்வார்கள், அவ்வளவுதான். மாத விலக்கைப் பொறுத்தவரை, அரை வயிற்று உணவோடும் ஓயாத நடையோடும் பல மாதங்கள் இருந்தால் அது நின்றுபோவது மருத்துவத்தில் அறியப்பட்ட விடயம். நிற்காதவர்களுக்கும், காயக் கந்தையும் இரத்தக் கறையும் நிறைந்த முகாமில் இன்னொரு கறை கண்ணில் படாது.

அகப்பட்டவர்கள் எங்கே அகப்பட்டார்கள் என்று பாருங்கள். செர்பியாவின் மிலுங்கா சாவிச் 1913 இல் காயப்பட்டு மருத்துவமனைக்குப் போன பின்னரே அறியப்பட்டார். அயர்லாந்தின் கிறிஸ்டியன் டேவிஸ் 1706 ஆம் ஆண்டு ராமிலி போரில் காயப்பட்டபோது அகப்பட்டார். சாம்ப்சன் தலையில் பட்ட வெட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடையில் பாய்ந்த குண்டை மறைத்து, ஒரு குண்டைத் தானே கத்தியாலும் ஊசியாலும் எடுத்தார். இன்னொன்று ஆழத்தில் தங்கிவிட்டதால் அந்தக் கால் பிறகு முழுதாகக் குணமாகவே இல்லை. 1783 இல் பிலடெல்பியாவில் கடும் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோதுதான் மருத்துவர் பார்னபாஸ் பின்னி உண்மையைக் கண்டார். அவரும் கூச்சல் போடவில்லை. தம் வீட்டுக்கே கொண்டுபோய்ப் பராமரிக்கச் செய்து, தேறிய பின்னரே தளபதிக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

எனவே மாணவியிடம் இப்படிச் சொல்லலாம்: தும்மினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும், கேட்டதை எல்லாம் யாரும் வெளியே சொல்வதில்லை.

ஊவாவாசி (பதுளை), புதன் காலை 6.05

நிலாமுற்றம் கடைசியில் எழுதிய வரியைப் பிடித்துக்கொண்டு, நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இவ்விடயத்தைப் பேசும் தமிழர்கள் ஜோன் ஆஃப் ஆர்க்கில் தொடங்கி முலானில் முடித்துவிடுகிறார்கள். ஜோன் தாம் பெண் என்பதை ஒருபோதும் மறைத்தவர் அல்லர். முலான் ஒரு பழைய சீனப் பாட்டின் நாயகி. ஆனால் ஆண் வேடத்தில் இருந்த ஓர் ஆங்கிலச் சிப்பாய் கடலூரிலும் பாண்டிச்சேரிக் கோட்டைச் சுவருக்கு வெளியிலும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலும் போர் புரிந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் ஹன்னா ஸ்னெல். 1723 இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். தகப்பனார் சாயத் தொழிலாளி. கணவர் கைவிட்டுப் போன பின், தம் அக்காள் கணவரான ஜேம்ஸ் கிரேயின் உடுப்பையும் பெயரையும் எடுத்துக்கொண்டு கடற்படையினரோடு சேர்ந்து, 'ஸ்வாலோ' என்ற கப்பலில் ஏறினார். அது அட்மிரல் பாஸ்கவன் இந்தியாவை நோக்கிக் கொண்டுவந்த பெரும் படையெடுப்பின் ஒரு பகுதி. 1748 ஆகஸ்டில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டார்கள். உள்ளே பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே. அவருடைய துபாஷியான (மொழிபெயர்ப்பாளரான) ஆனந்தரங்கப்பிள்ளை அந்நாட்களின் நிகழ்ச்சிகளைத் தமிழில் நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்தார். அவர் சுவருக்கு உள்ளே எழுத, வெளியே சேற்றுப் பதுங்குகுழியில் ஜேம்ஸ் கிரே என்ற பெயரில் ஒரு பெண் கிடந்தார். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியரை இழந்து பாஸ்கவன் முற்றுகையைக் கைவிட்டார். மறுஆண்டு கொள்ளிடக் கரையில் தேவிகோட்டையைப் பிடித்த படையிலும் ஸ்னெல் இருந்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது. அப்போது கண்டியில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரியணை ஏறிச் சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. நம் முன்னோர் எல்லாம் இன்னும் அக்கரையில், தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள். அந்தப் படைகள் மிதித்துப் போன வயல்களுக்குச் சொந்தக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் பின்னாளில் கோப்பிக் காலத்தில் மன்னார் வழியாக நடந்து மலையேறியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி எண்ணிக்கொள்வேன். (இது விலகல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் சொல்ல வந்தது இதுதான். 1750 இல் இலண்டனில் ராபர்ட் வாக்கர் என்பவர் அச்சிட்ட ஸ்னெலின் வரலாற்றின்படி, அவருக்குக் கால்களில் பல காயங்களும் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு குண்டும் பட்டன. கடலூர் மருத்துவமனையில் கால் காயங்களை மட்டும் வைத்தியரிடம் காட்டிவிட்டு, அந்தக் குண்டைத் தம் விரலால் தோண்டி எடுத்தார். அதற்கு மருந்தும் பஞ்சும் கொண்டுவந்து கொடுத்தவள், அங்கே நோயாளிகளைக் கவனித்துவந்த ஒரு "கறுப்புப் பெண்" என்று அந்நூல் குறிப்பிடுகிறது. அக்கால ஆங்கிலேயர் சோழமண்டலக் கரையில் இச்சொல்லால் யாரைக் குறித்தார்கள் என்பதைச் சென்னையில் அவர்கள் 'கறுப்பர் நகரம்' என்று பெயரிட்ட பகுதியில் யார் வாழ்ந்தார்கள் என்பதிலிருந்து அறியலாம். அவள் பெரும்பாலும் நம் மொழி பேசியவளாகவே இருந்திருப்பாள்.

அவள் கப்டனிடம் ஓடியிருந்தால் பரிசு கிடைத்திருக்கும். அவள் ஓடவில்லை. அந்நூல் அவளுடைய பெயரைக் கேட்டு எழுதவும் இல்லை.

ரம்பொடை வாசகன், புதன் பிற்பகல் 1.20

ஊவாவாசி ஐயா எழுதியது படிக்க இனிமையாக இருந்தது. ஆனால் எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. அதே வரலாற்றில்தான் ஸ்னெலைக் கார்லைல் கோட்டை வாயிலில் கட்டி வைத்து 500 கசையடி கொடுத்தார்கள் என்றும், அப்போதும் யாருக்கும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறது. மேலாடையைக் களைந்து அடிப்பதுதான் அக்கால வழக்கம். 500 அடி வாங்கியவர் உயிரோடு இருப்பதே அரிது. அவர் பெண் என்பது புலப்படாமல் இருப்பது அதைவிட அரிது. விற்பனைக்காக அச்சிட்ட ஒரு நூலில் கசையடி பொய்யென்றால் கடலூர்ப் பெண் மட்டும் எப்படி மெய்யாவாள்? ஸ்னெல் பின்னர் இலண்டன் நாடக அரங்கில் சீருடையோடு தோன்றிக் காசுக்குத் துப்பாக்கிப் பயிற்சி செய்து காட்டியவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து ஆடும்போது ரதியாக வருபவர் ஆண் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் பார்ப்போம், அழுவோம். வேடம் ஒரு கலை. இலண்டன்காரர்களும் அப்படித்தான் ஒரு கூத்தைக் காசு கொடுத்துப் பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

ஊவாவாசி (பதுளை), புதன் இரவு 7.50

தம்பி கேட்டது சரியான கேள்வி. கசையடியை நானும் நம்பவில்லை, அதனால்தான் அதை எழுதவில்லை. ஆயினும் அச்சுக்காரரை விட்டுவிட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். செல்சியில் உள்ள அரச மருத்துவமனை, ஊனமுற்ற சிப்பாய்களுக்கு ஓய்வூதியம் வழங்கிய இடம். 1750 நவம்பரில் அங்குள்ள பதிவேட்டில் ஹன்னா ஸ்னெல், வயது 27, வூஸ்டரில் பிறந்தவர், பாண்டிச்சேரியில் இரு தொடைகளிலும் காயப்பட்டவர் என்று எழுதி ஓய்வூதியம் கொடுத்திருக்கிறார்கள். காசு கொடுக்கும் எழுத்தர் கூத்துப் பார்த்து மயங்கமாட்டார். 1792 இல் இறந்தபோது அவரைச் செல்சி வளாகத்திலேயே, பழைய சிப்பாய்களின் நடுவில் புதைத்தார்கள்.

கடலூர்ப் பெண்ணைப் பற்றிப் பதிவேடு பேசாது. ஆனால் யோசியுங்கள்: விற்பனைக்குப் பொய் சேர்ப்பவன் நாயகியைத் தனித்து நிற்கும் வீராங்கனையாகத்தானே காட்டுவான்? இன்னொருத்தி உதவினாள் என்பது நாயகியின் பெருமையைக் குறைக்கும் செய்தி. அச்சுக்காரர் தாமாக அதைக் கற்பிக்கத் தேவையில்லை என்பதால் நான் அதை நம்புகிறேன். தம்பி ஏற்காவிட்டாலும் வருத்தம் இல்லை.

பழைய கணக்கப்பிள்ளை (பொகவந்தலாவை), வியாழன் காலை 5.30

நான் நாற்பது வருடம் தோட்டத்தில் பேர் போட்டவன். வரலாறு படித்தவன் அல்லன். ஆனால் பதிவேடு என்ற சொல்லைக் கண்டதும் எழுதத் தோன்றியது.

காலையில் பேர் பதிய வரிசையில் நிற்கும் பெரட்டுக்கு நாம் போகிறோம். பெரட்டு என்பது துரைமார் படையிலிருந்து கொண்டுவந்த சொல். தேயிலைச் செடியை வெட்டுவதைக் கவ்வாத்து என்கிறோம். பழைய தமிழில் சிப்பாய்களின் பயிற்சிக்கும் கவாத்து என்றுதான் பெயர். தோட்டம் ஒரு படை முகாமைப் போலவே நடந்தது. அங்கே ஆளை யாரும் பார்ப்பதில்லை, பேரைத்தான் பார்ப்பார்கள். பேர் விழுந்தால் சம்பளம், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கொழுந்து எடுக்கும் பெண்கள் குளிருக்கும் அட்டைக்கும் புருஷனுடைய பழைய சட்டையைத்தான் சேலைக்கு மேலே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து யாரும் ஆண் என்று நினைத்ததில்லை. சட்டை ஆளை மாற்றாது. பேரேட்டில் பேர் மாறினால்தான் ஆள் மாறும். கங்காணி சொன்ன பேர் எழுதப்படும், எழுதிய பேரே ஆள் ஆகிவிடும். துண்டுச் சீட்டு முறை இருந்த காலத்தில் அக்கரையிலிருந்து வந்த எத்தனை பேருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் பதிவிலும் இருந்தது என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று, கூலி. 1984 க்கு முன்பு ஒரே நாள் வேலைக்கு நம் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அந்த வருடத்து வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் இரண்டும் சமமாயின. நான் இரண்டு காலத்திலும் பேர் போட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லும் பெண்கள் நாட்டுப் பற்றுக்காகப் போனார்களா, புருஷனைத் தேடிப் போனார்களா என்று எனக்குத் தெரியாது, மகள். ஆனால் ஆணின் பேருக்கு ஒரு காசும் பெண்ணின் பேருக்கு ஒரு காசும் இருந்த ஊரில், ஆண் பேரைச் சொல்லத் தோன்றுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தேயிலைத்தடம் (ஹட்டன்), வியாழன் இரவு 9.00

கணக்கப்பிள்ளை ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். சாம்ப்சனும் சிறு வயதில் தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டுப் போக, பத்து வயது முதல் பிறர் பண்ணையில் ஒப்பந்தக் கூலியாக வளர்ந்தவர்; நெசவு செய்து பிழைத்தவர். படையில் சேர்ந்தால் கையில் முன்பணம் கிடைத்தது. அவருடைய நிலுவைச் சம்பளத்தை மாசசூசெட்ஸ் 1792 இல்தான் கொடுத்தது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் 1805 இல் தொடங்கியது, மாதம் 4 டொலர்.

குறிஞ்சிப்பூ (நுவரெலியா), வெள்ளி மாலை 4.10

வேலு நாச்சியாரையும், நேதாஜியின் படையில் இருந்த ஜான்சி ராணிப் பிரிவையும் ஏன் யாரும் எழுதவில்லை? அந்தப் பிரிவில் மலாயாவின் இறப்பர் தோட்டத்துப் பெண்கள் பெருமளவில் இருந்தார்கள். அவர்கள் நம்மைப் போலவே கங்காணியோடு கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள்.

நிலாமுற்றம் (தலவாக்கலை), வெள்ளி மாலை 5.35

அவர்கள் வேடமிட்டவர்கள் அல்லர் என்பதால்தான், தங்கச்சி. 1943 இல் சிங்கப்பூரில் கப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த அப்பிரிவில் முடியை வெட்டிக் காற்சட்டை அணிந்திருந்தாலும் சொந்தப் பெயரிலேயே சேர்ந்தார்கள். கதவு திறந்திருந்தால் வேடம் எதற்கு? அதற்கெனத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

மூடுபனி (பண்டாரவளை), சனி காலை 11.25

நான் இங்கே வாசகி மட்டும்; முதன்முறையாக எழுதுகிறேன். இதுவரை எழுதிய எல்லோரும் இவர்களை "ஆண் வேடமிட்ட பெண்கள்" என்று ஒரே கூடையில் போட்டுவிட்டீர்கள். ஆல்பர்ட் கேஷியரை என்ன செய்வீர்கள்?

அயர்லாந்தில் 1843 இல் ஜெனி ஹாட்ஜர்ஸ் என்ற பெயரில் பிறந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862 இல் இலினாய்ஸின் 95 ஆவது காலாட்படைப் பிரிவில் ஆல்பர்ட் கேஷியராகச் சேர்ந்து, விக்ஸ்பர்க் முற்றுகை உட்படப் போர் முடியும் வரை மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தவர். ஸ்னெலும் சாம்ப்சனும் படை முடிந்ததும் பாவாடைக்குத் திரும்பினார்கள். கேஷியர் திரும்பவில்லை. இலினாய்ஸின் சோனமின் என்ற சிற்றூரில் தோட்டவேலை, தெருவிளக்கு ஏற்றும் வேலை எல்லாம் செய்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆணாகவே வாழ்ந்தார். போர் 1865 இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அது வேடமா?

தமிழில் இதை எழுத உட்காரும்போதே வினைமுற்று நம் கையைப் பிடித்துக் கேட்கிறது: சேர்ந்தானா, சேர்ந்தாளா? நாம் எல்லோரும் "சேர்ந்தார்" என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறோம். ருஷ்ய மொழியிலும் இறந்தகால வினை பால் காட்டும் என்கிறார்கள். அங்கே 1806 இல் ஆண் உடையில் குதிரைப்படையில் சேர்ந்த நதேஷ்டா துரோவா, பேரரசர் முதலாம் அலெக்சாந்தரே உண்மையை அறிந்து, சிலுவைப் பதக்கமும் அலெக்சாந்திரவ் என்ற பெயரும் கொடுத்துப் படையில் தொடர விட்டவர். 1816 இல் ஓய்வு பெற்ற பின்னரும், 1866 இல் இறக்கும் வரை, பேச்சில் தம்மை ஆண்பாலிலேயே சொல்லிக்கொண்டார். நம் நன்னூலார் இதற்கு விதியே செய்திருக்கிறார்: பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கணகாரர் கேட்டுக்கொண்ட கேள்வியை நாம் கேட்காமல் விடுவது எனக்கு உறுத்துகிறது.

ரம்பொடை வாசகன், சனி பிற்பகல் 2.00

மூடுபனி சொல்வதை ஏற்கிறேன், ஒரு வரம்போடு. கேஷியருக்கும் துரோவாவுக்கும் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையே சாட்சி. ஆனால் சம்பளத்துக்காகவோ புருஷனைத் தேடியோ போய், திரும்பி வந்து, தம் பெண் பெயரிலேயே ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டவர்களுக்கு நாமாக வேறொரு பெயர் சூட்டுவதும் அவர்கள் சொன்னதைக் கேளாமல் விடுவதே ஆகும். ஒவ்வொருவருக்கும் அவரவர் எதை வைத்துக்கொண்டார் என்று பார்த்து வினைமுற்றைப் போடுவோம். கேஷியர் "சேர்ந்தான்" என்றே நான் எழுதுவேன்.

நிலாமுற்றம் (தலவாக்கலை), சனி இரவு 9.45

கேஷியரின் முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1911 இல் மோட்டார் வண்டி மோதிக் கால் முறிந்தபோது பார்த்த மருத்துவர் உண்மையை அறிந்தார், சொல்லவில்லை. வேலை கொடுத்திருந்தவரும் அறிந்தார், அவரும் சொல்லவில்லை. மாறாக, பழைய சிப்பாய்களுக்கான இல்லத்தில் ஆணாகவே இடம் பிடித்துக் கொடுத்தார்கள். 1914 இல் மனநல மருத்துவமனைக்கு மாற்றிய பிறகுதான் செய்தி பத்திரிகைக்குப் போனது. அங்கே பாவாடை உடுத்தக் கட்டாயப்படுத்தினார்கள். எழுபது வயது வரை காற்சட்டையிலேயே நடந்து பழகியவருக்கு அது காலைத் தட்டியது. விழுந்து இடுப்பு முறிந்தது. ஒரு தாதியாக அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஓய்வூதிய அலுவலகம் ஏமாற்று என்று சந்தேகித்து விசாரணை நடத்தியபோது, 95 ஆவது பிரிவின் கிழவர்கள் வந்து, எங்களோடு போர் புரிந்த கேஷியர் இவர்தான் என்று சாட்சி சொன்னார்கள். ஓய்வூதியம் நிற்கவில்லை. 1915 அக்டோபரில் இறந்தபோது சீருடையிலேயே, படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

தேயிலைத்தடம் (ஹட்டன்), திங்கள் மாலை 6.30

இன்று இவற்றை எல்லாம் வகுப்பில் சொன்னேன். அந்த மாணவி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படியானால் தெரியாமல் போகவில்லை டீச்சர், தெரிந்தவர்கள் சொல்லவில்லை" என்றாள். பிறகு, கேஷியரின் கல்லறையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று கேட்டாள். யாருக்காவது தெரியுமா?

மூடுபனி (பண்டாரவளை), திங்கள் இரவு 8.15

இரண்டு கற்கள் இருக்கின்றன, டீச்சர். முதலாவது படையினருக்கு வைக்கும் சிறிய கல். அதில் ஆல்பர்ட் கேஷியர் என்ற பெயரும் படைப்பிரிவும் மட்டும் உண்டு. 1970 களில் ஊரார் பக்கத்தில் இன்னொரு பெரிய கல்லை நட்டு, இரண்டு பெயர்களையும் பொறித்தார்கள். பழைய கல்லை யாரும் அகற்றவில்லை.